பெட்ரோல் விலை: ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு

2020 ஏப்ரல். ஊரடங்கு நேரம். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு மட்டும் வேலை இருந்தது. அவர் குட்டி யானை ஓட்டுகிறார். (நகரத்து நண்பர்களுக்கு: குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டி. நிஜ யானை இல்லை!) ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றுவார். காய்கறி அத்தியாவசியப் பொருள் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 21 காலை டிவியில் ஒரு செய்தி. அமெரிக்காவில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் விலை மைனஸ் 37 டாலர் 63 சென்ட். அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம் பாப்பா, எண்ணெயை எடுத்துட்டுப் போறவனுக்கு அவனே காசும் குடுக்கறானாமே. நம்ம பங்க்ல மட்டும் ஏன் பத்து பைசா குறையல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, சரியாக இரண்டு வாரம் கழித்து மே முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய 25 காசும் டீசல் 2 ரூபாய் 50 காசும் ஏறியது. உலகத்தில் எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்த அதே நாட்களில்!

இப்போது பி.காம் மூன்றாம் ஆண்டு. அப்பாவின் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பதில் கொஞ்சம் நீளம். அது 1859-ல் ஆரம்பிக்கிறது. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பீப்பாயைவிட மலிவான எண்ணெய்

1859 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் எட்வின் ட்ரேக் என்பவர் சுமார் 69 அடி ஆழத்துக்குத் துளை போட்டு எண்ணெய் எடுத்தார். நவீன எண்ணெய்த் தொழிலின் பிள்ளையார் சுழி இதுதான். செய்தி பரவியதும் ஊரே கிணறு தோண்ட ஆரம்பித்துவிட்டது. விளைவு? 1861 தொடக்கத்தில் ஒரு பீப்பாய் 10 டாலருக்கு விற்ற எண்ணெய், அந்த வருடம் முடிவதற்குள் 10 சென்ட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் எண்ணெயைவிட மரப் பீப்பாய்க்கு அதிக விலை.

எண்ணெய் விலையின் அடிப்படைக் குணம் இந்த முதல் இரண்டு வருடத்திலேயே தெரிந்துவிட்டது. கிணறு தோண்டத்தான் செலவு அதிகம். தோண்டிய பிறகு எடுப்பதற்குச் செலவு குறைவு. அதனால் விலை விழுந்தாலும் யாரும் நிறுத்த மாட்டார்கள், போட்டி போட்டு எடுப்பார்கள். வாங்குகிறவர்கள் பக்கமும் அப்படித்தான். விலை பாதியானால் யாரும் இரண்டு மடங்கு வாங்கப் போவதில்லை, இரண்டு மடங்கானால் பாதியாகக் குறைக்கவும் முடியாது. வண்டி ஓடித்தானே ஆக வேண்டும்? பொருளாதாரப் பாடத்தில் இதை 'நெகிழ்ச்சியற்ற தேவை' என்று படித்திருப்போம். இதனால், சந்தையில் சரக்கு கொஞ்சம் கூடினாலும் விலை பாதாளத்துக்குப் போகும், கொஞ்சம் குறைந்தாலும் வானத்துக்குப் போகும்.

தக்காளி விலைதான் ஞாபகம் வருகிறது, இல்லையா? ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு மாதம் ரோட்டில் கொட்டுவார்கள், அடுத்த மாதம் கிலோ நூறு ரூபாய். ஆனால் தக்காளிக்கும் எண்ணெய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தக்காளியைச் செடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது, அழுகிவிடும். எண்ணெயைப் பூமிக்குள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் விட்டுவைக்கலாம். அதாவது, குழாயை மூடி வைக்க முடியும்.

அடுத்த நூற்றைம்பது வருட விலை வரலாறு என்பது அந்தக் குழாய் யார் கையில் இருந்தது என்ற வரலாறுதான்.

குழாய் கை மாறிய கதை

முதலில் கையில் எடுத்தவர் ராக்கஃபெல்லர். அவர் 1870-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி கிணறுகளில் அதிகம் தலையிடவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளையும் போக்குவரத்தையும் வளைத்துப் போட்டது. எண்ணெயை யார் எடுத்தாலும் இவரிடம்தானே வர வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், அப்போது விற்பனைச் சரக்கு விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். பெட்ரோல் என்பது ஆபத்தான கழிவு, ஆற்றில் கொட்டிய கதையெல்லாம் உண்டு. கார் வந்த பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாக உடைத்தது.

1930-ல் டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் ஒரு பிரம்மாண்டமான எண்ணெய் வயல் கிடைத்தது. மறுபடி டைட்டஸ்வில் கதை. ஆளாளுக்கு எடுத்து, விலை சில சென்ட்டுகளுக்கு விழுந்தது. 1931-ல் டெக்சாஸ் கவர்னர் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டிய நிலை. அதன் பிறகு எந்தக் கிணறு எவ்வளவு எடுக்கலாம் என்று அளவு வைக்கும் அதிகாரம் டெக்சாஸ் ரயில்வே கமிஷனுக்கு உறுதியானது. (பெயரில்தான் ரயில்வே!) அடுத்த சுமார் நாற்பது வருடம் அமெரிக்காவில் எண்ணெய் விலை பெரிதாக ஆடாமல் இருந்ததற்கு இந்த ஆபீஸ் ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவுக்கு வெளியே பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டன. 1928-ல் ஸ்காட்லாந்தில் அக்னாகேரி என்ற கோட்டையில் மூன்று பெரிய கம்பெனித் தலைவர்கள், பறவை வேட்டைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு கூடி, அவரவர் சந்தைப் பங்கை அப்படியே வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார்கள். பிற்காலத்தில் இத்தாலியின் என்ரிகோ மத்தேய் இந்த மாதிரி ஏழு கம்பெனிகளை 'ஏழு சகோதரிகள்' என்று கிண்டலாக அழைத்தார். எண்ணெய் எடுக்கும் நாட்டுக்கு இவ்வளவு என்று பங்கு கொடுத்துவிட்டு விலையை இவர்களே அறிவிப்பார்கள். 1960 ஆகஸ்டில் அந்த அறிவிப்பு விலையை நாடுகளிடம் கேட்காமலேயே குறைத்தார்கள். அடுத்த மாதமே பாக்தாத்தில் ஈரான், ஈராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுலா ஆகிய ஐந்து நாடுகள் கூடி ஓபெக்கைத் தொடங்கின. அதற்கு முக்கியக் காரணமாக இருந்த வெனிசுலா அமைச்சர் பெரஸ் அல்ஃபோன்சோ, முன்பு டெக்சாஸ் ரயில்வே கமிஷன் எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்தவர். அமெரிக்காவிடம் கற்றதை அமெரிக்காவுக்கே காட்டினார்கள்!

ஆனால் ஓபெக் முதல் பத்து வருடம் ஒன்றும் சாதிக்கவில்லை. ஏன்? டெக்சாஸில் மூடிவைத்த குழாய்கள் இருந்தன. அரபு நாடுகள் முறுக்கினால் அங்கே திறந்துவிடலாம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சொந்தத் தேவை ஏறி, டெக்சாஸ் எல்லாக் குழாய்களையும் முழுசாகத் திறக்க வேண்டி வந்தது. அன்றோடு உபரி அங்கே தீர்ந்தது. விலை வைக்கும் சக்தியும் போனது. எவன் கையில் மூடிவைத்த குழாய் இருக்கிறதோ அவன்தான் விலை வைப்பான் என்பதுதான் இதில் பாடம்.

மாட்டு வண்டியில் வந்த எம்.பி.

1973 அக்டோபர் 6-ல் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரில் இறங்கின. அக்டோபர் 16-ல் வளைகுடா நாடுகள் விலையை ஒரேயடியாக 70 சதவீதம் ஏற்றின. மறுநாள் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தன, அடுத்த சில நாட்களில் அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்றன. உலகச் சந்தையிலிருந்து குறைந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சரக்குதான். ஆனால் சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய், 1974 ஜனவரியில் 11 டாலர் 65 சென்ட். கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1971-லேயே நிக்சன் விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தார். அதனால் பங்குகளில் விலை முழுசாக ஏறவில்லை. பதிலாக வரிசை நீண்டது. மணிக்கணக்கில் கார்கள் நின்றன. ஒற்றைப்படை நம்பர் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். விலையை அடக்கினால் செலவு மறைந்துபோவதில்லை, வரிசையாக மாறுகிறது. இது 2022-ல் இலங்கையில் நம் மக்கள் அனுபவித்தது. டாலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. ஜூன் மாதக் கடைசியில் பெட்ரோல் லிட்டர் 470 இலங்கை ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்காமல் நாள்கணக்கில் வரிசை, பிறகு க்யூஆர் கோடு வைத்து ரேஷன்.

இந்தியாவுக்கு வருவோம். 1973 நவம்பர் 12-ம் தேதி, பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து ஒரு எம்.பி. நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் வந்தார். அவர் அடல் பிகாரி வாஜ்பாய். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகு இந்திரா காந்தி அரசு எண்ணெய்த் தொழிலைக் கையில் எடுத்தது. 1974-ல் எஸ்ஸோ இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. 1976-ல் பர்மா ஷெல் கைக்கு வந்து, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. விலையையும் அரசே வைக்கும் 'நிர்வாக விலை முறை' வந்தது. இதன் மையம் ஆயில் பூல் கணக்கு. உலகச் சந்தையில் எண்ணெய் மலிவாக இருந்தால் மிச்சம் அந்தக் கணக்கில் சேரும், விலை ஏறினால் அதிலிருந்து எடுத்து ஈடு கட்டுவார்கள். பெட்ரோலில் அதிகம் வாங்கி, மண்ணெண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் கொடுப்பார்கள். நல்ல யோசனைதான். நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குள் அம்மா சேர்த்து வைப்பது மாதிரி.

சிக்கல் என்னவென்றால், ஏற்ற வேண்டிய நேரத்தில் எந்த அரசுக்கும் ஏற்ற மனம் வராது. பெட்டி காலியாகும். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தபோது எண்ணெய் விலை சில மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் திரும்பி வந்ததில் அங்கிருந்து வரும் பணமும் குறைந்தது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த அந்நியச் செலாவணி, 1991-ல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை வந்து தங்கத்தை அடகு வைக்கும்படி ஆனது. நம் பாடப் புத்தகத்தில் 'தாராளமயமாக்கல் 1991' என்று ஒரே வரியில் முடிந்துவிடும் விஷயத்துக்குப் பின்னால் பெட்ரோலும் இருக்கிறது.

நிர்வாக விலை முறையை 2002 ஏப்ரல் 1-ம் தேதி முதல் இந்தியா கைவிட்டது. அப்போது பிரதமர் யார்? மாட்டு வண்டியில் வந்த அதே வாஜ்பாய்! எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது பெட்ரோல் விலை ஒரு மாதிரித் தெரியும், கஜானாச் சாவியைக் கையில் வாங்கிய பிறகு வேறு மாதிரித் தெரியும். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை முழுசாக நீக்கியது மன்மோகன் சிங் அரசு. அப்போது பாரத் பந்த் நடத்தியவர்கள்தான் 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை.

147 டாலரும் 82 டாலரும்

2008 ஜூலையில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. சீனாவின் தேவை ஏறிக்கொண்டே போனது, யார் கையிலும் பெரிய உபரி இல்லை, போதாததற்கு முன்பேரச் சந்தையில் பணம் வந்து குவிந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகமே முடங்கியதும், டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே. ஆறு மாதத்தில் முக்கால் பங்கு காணாமல் போனது.

அந்த 2008-ல் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 50 ரூபாய். 2021 அக்டோபரில் கச்சா எண்ணெய் சுமார் 82 டாலர்தான், ஆனால் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி ஓடியது. "அன்னைக்கு 130 டாலர் இருந்தப்பவே 50 ரூபாய்தானே, இப்ப என்ன கொள்ளை?" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது ஞாபகம் இருக்கும். நானும் ஃபார்வர்டு செய்திருக்கிறேன். :-)

காமர்ஸ் மாணவராகக் கணக்குப் போடுவோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 2008 ஜூலையில் இந்தியா வாங்கிய எண்ணெய் சராசரியாகச் சுமார் 132 டாலர், டாலர் சுமார் 43 ரூபாய். பெருக்கி 159-ஆல் வகுத்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 36 ரூபாய். 2021 அக்டோபரில் 82 டாலர், டாலர் சுமார் 75 ரூபாய். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 39 ரூபாய்! அதாவது டாலரில் மலிவு, ரூபாயில் விலை அதிகம். நாம் எண்ணெயை மட்டும் வாங்குவதில்லை, முதலில் டாலரை வாங்குகிறோம். தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் ரூபாய் விழுந்தால், எண்ணெய் விலை அசையாமல் இருந்தாலும் பங்கில் ஏறத்தான் வேண்டும்.

சரி, 36-க்கும் 39-க்கும் மூன்று ரூபாய்தானே வித்தியாசம். 50-க்கும் 100-க்கும் நடுவில் மிச்சம் எங்கே போனது? இங்கேதான் கதையின் முக்கியமான ஆள் வருகிறார். வரி.

2008-ல் அரசு முழு விலையையும் மக்களிடம் வாங்கவில்லை. நஷ்டப்பட்ட எண்ணெய் நிறுவனங்களுக்குக் காசுக்குப் பதில் பத்திரம் கொடுத்தது. ஆயில் பாண்டு என்று பெயர். பல வருடம் கழித்து வட்டியோடு திருப்ப வேண்டிய கடன். மொத்தம் ஒன்றேகால் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அன்று மலிவாகப் பெட்ரோல் போட்டவர்களின் பில்லில் ஒரு பகுதி, அப்போது நாலு வயதில் இருந்த என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. இது உண்மை.

ஆனால் இது பாதி உண்மைதான். மீதியையும் பார்க்க வேண்டும். 2014 ஜூனில் 115 டாலராக இருந்த பிரென்ட் எண்ணெய், அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகியதாலும், அந்த நவம்பரில் ஓபெக் உற்பத்தியைக் குறைக்க மறுத்ததாலும், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. அந்த இடைவெளியில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. பெட்ரோலுக்கு மொத்தம் 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. 2014 ஏப்ரலில் பெட்ரோல் மீது 9 ரூபாய் 48 காசாக இருந்த கலால் வரி, 2020 மே மாதம் 32 ரூபாய் 98 காசு. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசிலிருந்து 31 ரூபாய் 83 காசு. ஆயில் பாண்டுக் கடனை அடைக்கத்தான் இந்த வரி என்று சொன்னார்கள். இந்த அளவு வரியில் ஒரே வருடத்தில் வசூலான தொகையே அந்தக் கடன் முழுவதையும்விட அதிகம். அதனால் கடன் ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணமாக இருக்க முடியாது.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

இப்போது 2020 ஏப்ரலுக்குத் திரும்புவோம்.

அந்த மைனஸ் விலை உலகத்து எண்ணெய் முழுவதற்கும் இல்லை. அது அமெரிக்க எண்ணெய்க்கான மே மாத முன்பேர ஒப்பந்தத்தின் விலை. அது மறுநாள் காலாவதியாக இருந்தது. அதற்குப் பிறகும் கையில் வைத்திருப்பவர், ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் ஊரில் நிஜ எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் யாரும் வண்டி எடுக்கவில்லை, தொட்டிகளில் இடம் இல்லை. எனவே "காசு தருகிறேன், என்னை விட்டுவிடு" என்று விற்றார்கள். மார்க்கெட் மூடும் நேரத்தில் லோடு தக்காளியோடு நிற்கும் வியாபாரியின் நிலைமை. அடுத்த மாத ஒப்பந்தம் அன்றைக்கும் சுமார் 20 டாலருக்குத்தான் இருந்தது. நாம் அதிகம் வாங்குவது வளைகுடா எண்ணெய். அதுவும் மலிவானது, ஆனால் மைனஸ் ஆகவில்லை.

அப்படியானால் அந்த மலிவாவது வந்திருக்க வேண்டுமே? வந்தது. பங்க் வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான். மே 6-ம் தேதி மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏற்றியது. பங்கில் விலை மாறவில்லை. குறைய வேண்டிய தொகை வரியாகப் போய்விட்டது. அன்று டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 71 ரூபாய் 26 காசு. அதில்:

ஆலையிலிருந்து வரும் விலையும் ஏற்றுக்கூலியும் சேர்த்து 18 ரூபாய் 28 காசு.
டீலர் கமிஷன் 3 ரூபாய் 56 காசு.
மத்திய கலால் வரி 32 ரூபாய் 98 காசு.
மாநில வாட் வரி 16 ரூபாய் 44 காசு.

நூற்றுக்கு 69 ரூபாய் வரி! தமிழ்நாட்டு அரசும் சும்மா இருக்கவில்லை என்பதை ஆரம்பத்திலேயே சொன்னேன். நியாயமாகச் சொன்னால், ஊரடங்கில் கடை, கம்பெனி எல்லாம் மூடி, அரசுகளுக்கு வேறு வருமானம் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எங்கள் அப்பா வண்டி மாதிரி சில வண்டிகள்தான். அதில் வாங்கினார்கள்.

அடுத்து ஜூன் 7 முதல் மூன்று வாரம் தினமும் விலை ஏறியது. அந்த மாதம் 24-ம் தேதி டெல்லியில் முதல் முறையாக டீசல் பெட்ரோலைத் தாண்டியது. கச்சா எண்ணெய் விழும்போது வரி நடுவில் புகுந்து இறக்கத்தைச் சாப்பிட்டது. கச்சா எண்ணெய் ஏறும்போது அந்த வரி அப்படியே உட்கார்ந்துகொண்டது.

1991-ல் ராபர்ட் பேக்கன் என்ற பொருளாதார ஆய்வாளர் பிரிட்டன் பெட்ரோல் விலையை ஆராய்ந்து, ஏறும்போது ராக்கெட் மாதிரி ஏறுகிறது, இறங்கும்போது இறகு மாதிரி இறங்குகிறது என்று எழுதினார். இன்றும் அந்தப் பெயரில்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே அவர் பார்த்தது கம்பெனிகளின் பழக்கத்தை. நம் ஊரில் இறகை ஊதிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் அரசு.

இன்னும் இரண்டு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன், தேர்வில் கேட்டால் உதவும். ஒன்று, வரி மேல் வரி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மாநில அரசு 3 ரூபாய் குறைத்த பிறகு பெட்ரோல் வாட் 13 சதவீதமும் கூட லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று ஆனது. அந்த 13 சதவீதம் மத்திய வரியும் சேர்ந்த தொகை மீது. டெல்லி 1 ரூபாய் வரி ஏற்றினால் சென்னையில் 1 ரூபாய் 13 காசு ஏற வேண்டும். இரண்டு, 2021-ல் பெட்ரோல் மீதான மத்திய வரி 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ், சிறப்பு வரி. அவை பங்குக்கு வராது. மாநிலங்கள் "நாங்கள் ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பதற்கும், 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பெட்ரோலை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று முடிவு செய்ததற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

சந்தை விலையா, தேர்தல் விலையா?

காகிதத்தில் விலையை எண்ணெய் நிறுவனங்கள் தினமும் சந்தைப்படி வைக்கின்றன. நடந்ததைப் பாருங்கள். 2018-ல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் விலை அசையவில்லை, வாக்குப்பதிவு முடிந்ததும் ஓடியது. 2021-ல் தமிழ்நாடு உள்பட ஐந்து சட்டமன்றத் தேர்தல்களின்போது பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏற்றமே இல்லை, மே 2-ல் முடிவு, மே 4-ல் ஏற்றம். 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை 137 நாள் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசிலேயே நின்றது. நடுவில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து பிரென்ட் 139 டாலர் வரை போனது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட தேர்தல்கள் முடிந்த பிறகு இரண்டே வாரத்தில் 110 ரூபாய் 85 காசு.

பிறகு மே மாதம் மத்திய அரசு வரியைக் குறைத்து 102 ரூபாய் 63 காசு ஆனது. அங்கேயே கிட்டத்தட்ட இரண்டு வருடம் உறைந்தது. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 18,480 கோடி நஷ்டம். கச்சா எண்ணெய் இறங்கிய பிறகும் விலையை இறக்காததால் 2023-24-ல் சுமார் 81 ஆயிரம் கோடி லாபம். 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்புக்கு ஒரு நாள் முன்பு, 2 ரூபாய் குறைந்தது. அஞ்சறைப் பெட்டி மறுபடி வந்துவிட்டது. பழைய ஆயில் பூலுக்காவது ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

என் கருத்து இதுதான். உலகச் சந்தை விலை ஆடுவதை நாம் தடுக்க முடியாது. 1861-லிருந்து அது ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வரி போடுவதும் தவறில்லை, சாலையும் பள்ளிக்கூடமும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் விலை ஏறினால் மக்கள் தலையில், இறங்கினால் அரசுக் கஜானாவில் என்பது சந்தையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கச்சா எண்ணெய் இவ்வளவுக்கு மேல் போனால் வரி இவ்வளவு குறையும், கீழே வந்தால் இவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், குறைந்தபட்சம் ஒரு லோடு வண்டிக்காரர் அடுத்த மாத வாடகையைத் தைரியமாகப் பேசலாம்.

ஏனென்றால் எங்கள் வீட்டுக் கணக்கு ரொம்ப எளிது. தினம் பத்து லிட்டர் டீசல். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் நாளுக்கு நூறு ரூபாய், மாதம் 25 நடைக்கு 2500. 2021-ல் அந்த 2500 எங்கள் வீட்டில் மளிகைப் பாக்கியாக நின்றது. கமிஷன் கடைக்காரரிடம் வாடகையை ஏற்றிக் கேட்கவே அப்பாவுக்கு மூன்று மாதம் ஆனது.

இதையெல்லாம் போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நானும் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்ப்பா, 2021 தீபாவளிக்கு டீசல் வரியில பத்து ரூபாய் குறைச்சாங்கல்ல. அப்ப நீங்க வாடகையைக் குறைச்சீங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். "டயர் விலை ஏறிருச்சு பாப்பா."

அது உண்மைதான், டயரும் ஏறித்தான் இருந்தது. ஆனால் வாடகையை அவர் இன்று வரை குறைக்கவில்லை.